நடுவர் கை தூக்கட்டும்

டிவியில் கபடி வர்ணனை செய்கிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்பது, "நீங்க எந்த டீமுக்கு ஆடுனீங்க?" பள்ளிக்கூட அணியைத் தாண்டி நான் ஆடியதில்லை. வர்ணனை மேசையில் இரண்டு பேர் உட்காருவோம். ஒருவர் முன்னாள் வீரர். பிடி ஏன் நழுவியது, அடுத்து யாரை இறக்கலாம் என்பதெல்லாம் அவர் பாடு. மற்றவர் ஆட்டத்தை ஓட்டிக்கொண்டு போகிறவர். பாடப் போவது (எதிரணிப் பக்கம் ரைடு போவது) யார், எதிரே எத்தனை பேர், புள்ளி என்ன, எவ்வளவு நேரம் மிச்சம், விளம்பரத்துக்கு எப்போது போவது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவரை 'லீட்' என்பார்கள். என் வேலை அது.

தொழில் பழகியது ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகளில். இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பம் என்று நோட்டீஸில் இருக்கும். முதல் ஆட்டம் தொடங்கப் பதினொன்றாகிவிடும், இறுதிப் போட்டி முடிவதற்குள் விடிந்துவிடும். மைக் பிடிப்பவனுக்கு ஆட்டத்தைச் சொல்வது பாதி வேலைதான். அடுத்த ஆட்டத்துக்கான அணிகளை மூன்று தடவை கூப்பிட வேண்டும். தொலைந்த பைக் சாவியை அறிவிக்க வேண்டும். முதல் பரிசு கொடுத்தவர், சுழற்கோப்பை கொடுத்தவர், வீரர்களுக்குச் சாப்பாடு போட்டவர் என்று பெயர்ப் பட்டியலை இடையிடையே வாசிக்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் போதும், "தம்பி, எங்க மாமா பேரு வரலையே" என்று மேடை ஓரத்தில் ஆள் வந்து நிற்கும்.

இப்போது 'இந்த சூப்பர் டேக்கிளை (களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடிப்பது) வழங்குவது' என்று ஏதோ ஒரு சிமென்ட் பெயரையோ பெயின்ட் பெயரையோ சொல்கிறேன். கூட இருக்கும் சிலருக்கு இது கௌரவக் குறைச்சலாகப் படுகிறது. எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. பணம் போட்டவன் பெயரைச் சொல்வது அந்த மேடையிலிருந்தே வருகிற வழக்கம்.

ஊர் மேடை கற்றுக்கொடுத்ததில் பெரியது ஒன்று உண்டு. நடுவர் கை தூக்குமுன் மைக்கில் "அவுட்டு" என்று சொல்லக் கூடாது. சொல்லிவிட்டு நடுவர் வேறு மாதிரி தீர்ப்புக் கொடுத்தால், இரண்டு ஊர்க்காரர்களும் களத்துக்குள் இறங்கிவிடுவார்கள், அப்புறம் கோப்பையைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்துத்தான் கொடுக்க வேண்டிவரும். அதனால் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லி இழுத்துக்கொண்டே இருப்போம்: "கால் நீளுது... கார்னர்காரர் பாயுறார்... கோட்டுப் பக்கம் கை போகுது..." தீர்ப்பு வந்த பிறகுதான் புள்ளி.

டிவியில் இந்தப் பழக்கம் பல தடவை காப்பாற்றியிருக்கிறது. நான் பெரும்பாலும் வேலை பார்ப்பது அரங்கத்தில் இல்லை, ஸ்டூடியோவில் திரையைப் பார்த்து. இயக்குநர் எந்தக் கேமராவைக் காட்டுகிறாரோ அதுதான் என் கண். போனஸ் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே ஆறு பேராவது இருக்க வேண்டும். ரைடர் ஒரு காலை போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது பின்னங்கால் தரையில் படாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும். ஒரு நொடிகூட நிற்காத காட்சி இது. நடுவே ஒரு தடுப்பாட்டக்காரரின் முதுகு வந்து மறைத்தால் போச்சு. அந்த நேரத்தில் "போனஸ்!" என்று கத்துகிறவர்களைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நான் "போனஸுக்குப் போனார்" என்பதோடு நிறுத்திக்கொண்டு நடுவர் போனஸுக்குத் தூக்கும் கட்டைவிரலைத் தேடுவேன்.

கிரிக்கெட்டில் இரண்டு பந்துக்கு நடுவே மூச்சு விடலாம், ஒரு கதைகூடச் சொல்லலாம். கபடியில் ஒரு ரைடுக்கு முப்பது நொடி, அது முடிந்த கையோடு எதிரணி ஆள் பாடக் கிளம்பிவிடுவார். இதற்குள் முன்னாள் வீரருக்கு இடம் விட வேண்டும், ரீப்ளேயையும் கவனிக்க வேண்டும். ஒரு காதில் ஆட்டச் சத்தம், இன்னொரு காதில் தயாரிப்பாளர் பத்திலிருந்து எண்ணிக்கொண்டிருப்பார். இருமல் வந்தால் மைக்கை அடைக்க மேசையில் ஒரு பொத்தான் இருக்கிறது, ஜலதோஷக் காலத்தில் விரல் அதன் மேலேயே இருக்கும். 2017-இல் புரோ கபடி லீக் பிளே ஆஃபில் பாட்னா அணியின் ரைடர் பர்தீப் நர்வால் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே ரைடில் எட்டுப் புள்ளி எடுத்தார். அப்படி ஒன்று நடந்தால் கத்துவதற்கு யாருக்கும் பயிற்சி வேண்டாம். களத்தில் இப்போது யார் யார் மிச்சம், எட்டு எப்படி வந்தது என்று அடுத்த ரைடு தொடங்குவதற்குள் சொல்லி முடிப்பதற்குத்தான் லீட் இருக்கிறார்.

புரோ கபடியின் எட்டாவது சீசனை மறக்க முடியாது. கொரோனா காரணமாக 2021 டிசம்பரிலிருந்து 2022 பிப்ரவரி வரை எல்லா ஆட்டமும் பெங்களூரில் ஒரே ஹோட்டலில், ரசிகர்கள் இல்லாமல். கூட்டம் எங்களுக்கு எவ்வளவு உதவி என்று அப்போதுதான் உறைத்தது. கேமரா காட்டாத மூலையில் ஒருவர் சுருண்டு விழுந்தால் கூட்டம் "ஊ" என்னும், உடனே நமக்கும் தெரிந்துவிடும். அந்தச் சைகை இல்லாமல்போனது. ஆனால் தடுப்பாட்டக்காரர்கள் ஒருவரையொருவர் உசுப்பிக்கொள்வதும், பயிற்சியாளர் ஓரத்திலிருந்து போடும் சத்தமும் அத்தனை தெளிவாகக் கேட்டன. முதல் சில ஆட்டங்களுக்குப் பிறகு நான் பேச்சைக் குறைத்து அதைக் கேட்க விட்டேன். இறுதிப் போட்டியில் தபாங் டெல்லி 37, பாட்னா 36. அந்த ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு வேறு அலங்காரம் தேவையே இல்லை.

தமிழ் வர்ணனை என்றாலே சளசள என்று பேசுகிறார்கள், சினிமா வசனம் விடுகிறார்கள் என்ற புகார் எங்கும் கேட்கிறது. பாதி நியாயம். மீதிப் பாதிக்குக் காரணம், "எனர்ஜி வேணும், எனர்ஜி வேணும்" என்று காதுக்குள் கேட்கும் குரல். நான் வேலை பார்த்த ஒரு சேனலில் நான்கு நொடி சும்மா இருந்தால் "மைக் வேலை செய்யுதா?" என்று கேட்பார்கள். சண்டை போட்டுப் பயனில்லை. சீசனுக்கு சீசன் ஒப்பந்தம், ஆட்டம் நடக்கிற நாளுக்குத்தான் சம்பளம். மீதி மாதங்களில் கல்லூரி விழா, நிறுவன விழா, பழக்கம் விடாமல் ஊர்க் கபடியும் உண்டு.

வர்ணனையாளராக ஆசைப்படும் தம்பிகள் வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்கள். எல்லாமே சூப்பர் ரைடு (ஒரே ரைடில் மூன்று புள்ளியோ அதற்கு மேலோ), எல்லாமே உச்சஸ்தாயி. ஒரு அணி பதினைந்து புள்ளி முன்னால் இருக்கும் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைப் பேசி அனுப்புங்கள் என்று பதில் போடுவேன். "அண்ணே, அதுல என்னண்ணே இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் அதுவும் கேட்கவில்லை.