4885 என்று முடியும் எண்

சந்தில் இரண்டு கார்கள் உரசி நிற்கின்றன. எதிரே இருப்பவன் சட்டையில் ரத்தம். காணாமல்போன பெண்களைத் தேடும் முன்னாள் போலீஸ்காரன் ஜூங்ஹோ, சந்தேகத்தில், அவர்களைக் கடைசியாக அழைத்த, 4885 என்று முடியும் எண்ணுக்கு அழைக்கிறான்.

அவனிடமே போன் அடிக்கிறது.

நேற்றிரவு 'தி சேஸர்' பார்த்தபோது இந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 2008இல் வந்த கொரியப் படம். இயக்குநர் நா ஹாங்ஜின்னுக்கு இதுதான் முதல் படமாம், நம்பவே முடியவில்லை!

கொலைகாரன் சீக்கிரமே பிடிபட்டுவிடுகிறான். கொன்றதை அவனே ஒப்புக்கொள்கிறான். ஆனால் உடலும் இல்லை, ஆதாரமும் இல்லை. சியோல் போலீசுக்கோ மேயர் மேல் ஒருவன் மலம் வீசிய அவமானம்தான் பெரிய கவலை.

கொலைகாரனிடம் சிக்கிய மிஜின் என்ற பெண் உயிரோடு இருப்பது நமக்குத் தெரியும். அங்கே ஒருவருக்கும் தெரியாது. என் கோபமெல்லாம் அந்தக் காவல் நிலையத்தின் மேல்தான்.

இன்னும் பார்க்காதவர்கள் முடிவைத் தேடிப் படித்துவிடாமல் பாருங்கள்.