கழுத்துக் கறுப்பும் அளவு நாடாவும்

இலங்கைப் பாடசாலைகளில் 1, 4, 7, 10 ஆம் தரங்களில் மருத்துவப் பரிசோதனை நடப்பது வழக்கம். ஏழாம் தரத்தில் படிக்கும் என் மகன் அந்தப் பரிசோதனை முடிந்து ஒரு துண்டுக் கடிதத்துடன் வீடு வந்தான். உயரம் 151 சென்ரிமீற்றர், நிறை 64 கிலோகிராம், சிறுவர் கிளினிக்குக்குக் காட்டவும் என்று அதில் எழுதியிருந்தது. வெள்ளவத்தையில் எங்களுடன் இருக்கும் மாமி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வளருற பிள்ளையைப் பட்டினி போடாதை பிள்ளை, உயரேக்க தானா வத்திப் போவான்" என்றார். எனக்கும் அப்படி நம்பிவிடவே ஆசையாக இருந்தது.

கிளினிக்குக்குப் போகுமுன் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு டிஸ்பென்சரியில் இரத்த அழுத்தம் பார்த்தபோது 136/84 என்று காட்டியது. அன்றிரவு நான் தூங்கவில்லை. பிறகுதான் விளங்கியது, அங்கே அவன் கையில் சுற்றிய பட்டி அவனுடைய பருத்த கைக்குப் போதாத சிறிய பட்டி என்பதும், பட்டி சிறிதானால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதும். அரச வைத்தியசாலையின் கிளினிக்கில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, பெரிய பட்டியால் பார்த்தபோது 118/74 மட்டுமே இருந்தது.

அந்தக் கிளினிக்குக்காகக் காலை ஆறு மணிக்கே இலக்கம் எடுக்கப் போக வேண்டியிருந்தது. முதல் தடவை போன பயணம் வீண். வெறும் வயிறு என்றால் பால்தேநீரும் கூடாது என்பது தெரியாமல், அழுத பிள்ளைக்கு அரைக் கோப்பை கொடுத்து அழைத்துப் போயிருந்தேன். இரண்டாம் தடவை இரத்தம் எடுத்தார்கள். இடுப்பை அளந்த மிஸ், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவை வைத்து, அவன் வயிற்றை எக்கிக்கொண்டதைக் கண்டு சிரித்து, மூச்சை விடச் சொல்லி மறுபடி அளந்தார். 86 சென்ரிமீற்றர்.

வைத்தியர் முதலில் பார்த்தது அறிக்கையை அல்ல, அவன் கழுத்தை. பிடரியில் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்த அந்தப் பட்டையை நான் ஓராண்டாக அழுக்கென்றே நினைத்து, பயற்றம் மாவும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்து, அவன் சரியாகக் குளிப்பதில்லை என்று ஏசியும் இருக்கிறேன். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காமல், அதை ஈடுகட்ட இன்சுலின் மிகுதியாகச் சுரக்கும்போது தோல் அவ்வாறு கறுக்கும் என்று அவர் சிங்களத்தில் மெதுவாக விளக்கியபோது, நான் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை.

அறிக்கையில் ட்ரைகிளிசரைட் என்னும் இரத்தக் கொழுப்பு 138, நல்ல கொலஸ்ட்ரோல் 37, வெறும் வயிற்றுச் சீனி 97 மில்லிகிராம். ஸ்கானில் ஈரலில் கொழுப்பின் தொடக்கம் தெரிந்தது. அப்படியானால் இது, இடுப்புப் பருமனோடு இரத்தக் கொழுப்பு, அழுத்தம், சீனி போன்றவையும் சேர்ந்து பிசகும் மெட்டபோலிக் சின்ட்ரோமா என்று கேட்டேன். எந்த வரையறையைக் கொண்டு பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றார். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2007 இல் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோருக்கு வகுத்த வரையறைப்படி, அந்த வயதுக்கான இடுப்பளவில் மேல் பத்து வீதத்துக்குள் இருப்பதோடு, ட்ரைகிளிசரைட் 150 அல்லது அதற்கு மேல், நல்ல கொலஸ்ட்ரோல் 40க்குக் கீழ், அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், சீனி 100 அல்லது அதற்கு மேல் என்ற நான்கில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். என் மகனுக்கு அந்த நான்கில் ஒன்றுதான் பொருந்தியது. ட்ரைகிளிசரைட்டுக்கு 110 என்ற எல்லையை வைத்திருக்கும் வேறொரு வரையறையில் அதே பிள்ளை நோயாளியாகிவிடுகிறான். பருவமடையும் காலத்தில் இன்சுலினுக்கு இணங்காத தன்மை இயல்பாகவே கூடிப் பின்னர் தணிவதால், இந்த ஆண்டு ஒட்டிய பெயர் அடுத்த ஆண்டு கழன்றுவிடவும் கூடும். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமும் 2017 இல், பெயரைத் தேடுவதைவிட ஒவ்வோர் ஆபத்தையும் தனித்தனியே கண்டு திருத்துவதையே வலியுறுத்தியது. சிறுவர்களில் இத்தனை வீதம் பேருக்கு இந்நோய் என்று வரும் செய்திகள் ஒன்றோடொன்று ஏன் முரண்படுகின்றன என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. எடைப்பெருக்கம் கூடி வருவதில் மட்டும் ஐயமில்லை: உலகில் 5 முதல் 19 வயது வரையானோரில் அதிக எடையுள்ளோர் 1990 இல் 8 வீதம், 2022 இல் 20 வீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உணவு ஆலோசகர் மூன்று நாள் உணவை எழுதி வரச் சொன்னார். சோற்றைத்தான் குறைக்கச் சொல்வார் என்று பயந்து போனேன். அவர் சிவப்புப் பேனாவால் சுற்றியதெல்லாம் குடிக்கும் பொருட்கள். நாளைக்கு நான்கு பால்தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி, ரியூசனுக்கு முன் ரோல்ஸுடன் ஒரு குளிர்பானம், படுக்குமுன் மாப்பால். 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனி அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள் இருந்தும் நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. மருந்து எதுவும் தரவில்லை. பிளேன்ரீக்குச் சீனியில்லாமல் பழக ஐந்து வாரம் சென்றது. ரோல்ஸுக்குப் பதிலாக அவித்த கடலை கொண்டுபோவதற்கு அவன் வெட்கப்பட்டான், அதை நான் வற்புறுத்தவில்லை, வாரத்தில் இரண்டு நாள் ரோல்ஸ் இருக்கிறது.

நடையில்தான் பெரிய இழுபறி. ஒரு நாளைக்கு அறுபது நிமிட உடலசைவு வேண்டும் என்கிறார்கள். நான்கு முதல் ஏழு வரை ரியூசனில் இருக்கும் பிள்ளைக்கு அந்த அறுபது நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது? சனி, செவ்வாய் வகுப்புகளை நிறுத்தினோம். அந்த நாட்களில் தந்தையும் மகனும் மரைன் டிரைவ் வழியே பம்பலப்பிட்டி வரை நடந்து வருகிறார்கள். மற்ற நாட்களில் மாடிப்படிதான்.

ஆறு மாதத்தின் பின் நிறை 65, உயரம் 155, இடுப்பு 82. ட்ரைகிளிசரைட் 112, நல்ல கொலஸ்ட்ரோல் 39. அந்த மற்ற வரையறைப்படி அவன் இன்னும் நோயாளியே. மாமி தான் சொன்னது பலித்ததாகச் சொல்லித் திரிகிறார், நான்கு சென்ரிமீற்றர் அளவுக்கு அது உண்மையும்தான். கழுத்துக் கறுப்பு சற்று மெலிந்திருக்கிறது, போகவில்லை. அடுத்த கிளினிக் ஓகஸ்ட்டில். இரத்தம் எடுத்தவுடன் கொடுப்பதற்கு அவித்த முட்டையும் வாழைப்பழமும் கொண்டுபோக வேண்டும் என்று கிளினிக் கொப்பியின் முன்பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.