கல்யாண கேசட்டைப் படமாக்கும் முன்

பழைய வீடியோவைக் குடும்பப் படமாக்கும் வேலை பல வீடுகளில் தலைகீழாகத்தான் தொடங்குகிறது. முதலில் பின்னணிப் பாட்டு, பிறகு டெம்ப்ளேட், கடைசியில்தான் கேசட்டை எங்கே கொடுப்பது என்ற கேள்வி. ஆனால் படத்தின் தரம், கேசட்டிலிருந்து கணினிக்கு இறக்கும் அந்த மூன்று மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே தொலைத்ததை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

காலமும் அதிகம் இல்லை. வீடியோ கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். இயந்திரத்தைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பதெல்லாம் பெல்ட் தளர்ந்து, ரப்பர் உருளை இறுகிப்போன பழைய இயந்திரங்கள். அதனால் வீட்டுக் கேசட்டைப் போடும் முன் வேண்டாத கேசட் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். நாடாவை விழுங்குகிற இயந்திரமாக இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, கேசட்டின் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பாகப் பளபளத்தால் கவலை இல்லை. விபூதி தூவியதுபோல் வெண்மை படிந்திருந்தால் அது பூஞ்சை. பரணில், ஓதம் ஏறும் அலமாரியில் கிடந்த கேசட்டுகளில் இது சகஜம். அப்படியே ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், ஒட்டியிருக்கும் நாடா அறுந்துபோகும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். சிலிகா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் ஓரிரு வாரம் உலரவிட்டு, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்து கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டிலுள்ள ஐந்து திருகுகளையும் கழற்றுங்கள். காய்ந்த படிவை மெல்லிய துணியால் இழுக்காமல் துடைத்து, இரண்டு சுருள்களையும் சுத்தமான வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். நிறையப் படிந்திருந்தால், நாடா முழுவதையும் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி. நாடா அறுந்திருந்தால் செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். அதன் பசை வெயிலில் கசிந்து ஹெட்டில் ஏறும். அதற்கென்றே உள்ள ஸ்பிளைசிங் டேப்பை, ஹெட்டில் படாத பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

ஹெட்டைச் சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் சாமாய்ஸ் என்னும் மென்மையான தோலும் போதும். தோலை, ஹெட் பதிந்திருக்கும் உலோக உருளைமேல் அசையாமல் பிடித்துக்கொண்டு உருளையைத்தான் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் நுனி உடையும். காது குடையும் பஞ்சுக்குச்சியைப் பயன்படுத்தாதீர்கள், அதன் இழை ஹெட்டில் சிக்கும்.

நல்ல கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பவும் சுற்றிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். இறுக்கம் சமமாகும், படம் ஆடுவது குறையும். இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவானவை பால் (PAL) என்னும் வீடியோ முறை: 625 கோடுகள், விநாடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்கள்). கனடா, அமெரிக்க உறவினர்கள் அனுப்பியவை என்.டி.எஸ்.சி. என்னும் வேறு முறை. பதிவு மென்பொருளில் இதை மாற்றி வைத்தால் நிறம் போய்விடும், அல்லது படம் உருளும். கேசட்டைக் குறை சொல்லுமுன் இதைச் சரிபாருங்கள்.

வீடியோவைக் கணினிக்குள் இறக்கும் மலிவான யு.எஸ்.பி. கேப்சர் கருவியை வி.சி.ஆரோடு நேரடியாக இணைத்தால், பழைய நாடாவின் நடுங்கும் சிக்னலைத் தாங்காமல் சட்டங்களைத் தவறவிடும். அரை மணி நேரம் கழித்து உதடு ஒருபக்கம், குரல் ஒருபக்கம் போவது இதனால்தான். நடுவில், சிக்னலின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி இருந்தால் சிக்னல் நிலைக்கும். அது விலை அதிகம். பழைய டி.வி.டி. ரெக்கார்டர்கள் சிலவற்றின் வழியாக சிக்னலைக் கடத்தினாலே அந்த வேலை ஓரளவு நடக்கும், பானசோனிக் டி.எம்.ஆர். இ.எஸ்.10 இதற்குப் பேர்போனது. வர்ச்சுவல்டப் என்ற பதிவு மென்பொருள் இலவசம், தவறிய சட்டங்களின் எண்ணிக்கையையும் காட்டும். ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லாத வடிவத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 ஜி.பி. ஆகும். ஆகட்டும், ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக்கொள்ளலாம், கேசட்டை வாங்க முடியாது. மினிடிவி என்னும் சிறிய டிஜிட்டல் கேசட்டாக இருந்தால் ஃபயர்வயர் கேபிள் வழியாக அப்படியே நகலெடுக்கலாம், மணிக்கு 13 ஜி.பி. மட்டுமே.

கடையில் கொடுப்பதானால் இரண்டே கேள்வி: இழப்பில்லாத கோப்பாகத் தருவார்களா, இன்டர்லேஸை நீக்காமல் தருவார்களா? பால் வீடியோவின் ஒவ்வொரு சட்டத்திலும் அடுத்தடுத்த கணத்தில் எடுத்த இரண்டு பாதிகள் உண்டு, விநாடிக்கு 50; இதுதான் இன்டர்லேஸ். அவசர மாற்றத்தில் ஒரு பாதியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கெட்டிமேளத்தின்போது தவில்காரர் கையைப் பாருங்கள், வெட்டி வெட்டிப் போகும். இன்டர்லேஸை நீக்குவதற்கு, ஏவிசிந்த் மென்பொருளில் கியூடிஜிஎம்சி (QTGMC), எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் பிடபிள்யூடிஐஎஃப் (BWDIF) ஆகிய வடிகட்டிகள் அந்த 50 அசைவுகளையும் காப்பாற்றும். படத்தின் அடியில் நெளியும் சில கோடுகள் ஹெட் மாறும் இடம், அவற்றை மட்டும் மறைத்தால் போதும். 4:3 படத்தை அகலத்திரைக்கு இழுக்காதீர்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும், பாட்டி பாட்டியாகத் தெரிவார்.

இனி ஒலி. எண்பது, தொண்ணூறுகளில் வீடியோக்காரர்கள் சடங்குகள்மேல் சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏற்றிய பிரதியில் அசல் பேச்சு இல்லை. ஆனால் ஒலியை இன்னொரு தடத்திலும் பதியும் ஹை-ஃபை ரெக்கார்டரில் பதிந்து, பிறகு ஆடியோ டப் செய்த (ஒலியை மட்டும் மாற்றிய) கேசட்டாக இருந்தால் பாட்டு ஏறியது ஓரத்து மோனோ தடத்தில் மட்டும்தான், ஹை-ஃபை தடத்தில் அசல் ஒலி இருக்கும். ஹை-ஃபை வி.சி.ஆரில் போட்டு ஒலித் தேர்வை மாற்றிக் கேளுங்கள். வெட்டாத மூலக் கேசட் வீட்டில் இருந்தால் அதுதான் பொக்கிஷம். நலங்கில் பெண்களின் கேலி, பந்தியில் "இன்னும் கொஞ்சம் சாம்பார் விடு" என்கிற தாத்தா குரல் எல்லாம் அதில்தான். புதுப் படத்தில் இதன்மேல் மறுபடியும் பாட்டைப் போட்டு மூடாதீர்கள். யூடியூபில் ஏற்றினால் சினிமாப் பாட்டுக்கு உரிமைக் கோரிக்கை வேறு வரும்.

புகைப்படங்களுக்கு வருவோம். ஒட்டும் தாள் ஆல்பத்தில் பிடித்துக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், பல் இடுக்குக்கான மெழுகில்லா நூலை அடியில் விட்டு அறுப்பதுபோல் நகர்த்துங்கள். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைத் தொடவே வேண்டாம். இருபக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள். ஸ்கேன் செய்யும்போது சாதாரணப் பிரிண்டுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி): 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 புள்ளியாக வரும், முழு எச்.டி. படத்தில் முகத்துக்கு நெருங்கிப் போகவும் இடம் இருக்கும். பாஸ்போர்ட் அளவுக்கு 1200, நெகட்டிவுக்கு 2400க்கு மேல். டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரையோ பேனாக் குறிப்போ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்ய வேண்டும். எழுபதுகளின் வண்ணப் படங்கள் சிவந்துபோவது அவற்றின் சயான் சாயம் மங்குவதால். சிவப்பு, பச்சை, நீலத்தைத் படத் திருத்த மென்பொருளின் லெவல்ஸ் வசதியில் தனித்தனியே சரிசெய்தால் பெரும்பாலும் தெளியும்.

முகங்களைக் கூர்மையாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை நான் இந்த வேலைக்குப் பரிந்துரைப்பதில்லை. வி.எச்.எஸ். கேசட் படத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அவை ஊகித்து வரைகின்றன. வருவது அழகான முகம், ஆனால் அத்தையின் முகம் இல்லை.

படத்தை வெட்டுமுன் வீட்டுப் பெரியவரை உட்காரவைத்து, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசவிடுங்கள். மின்விசிறியை நிறுத்தி, போனை ஒரு முழத்துக்குள் வைத்துப் பதியுங்கள். "இது யாரு?" என்று மட்டும் கேளுங்கள், அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அந்தக் குரலே படத்தின் முதுகெலும்பு. காட்சிகளை அதற்கேற்ப அடுக்கினால் டெம்ப்ளேட் தேவைப்படாது. தனிப்படத்துக்கு 5 விநாடி, குழுப்படத்துக்கு 8 முதல் 10. யார் யார் என்று தேட நேரம் வேண்டும். மொத்தம் 20 நிமிடத்தைத் தாண்டாதிருப்பது நல்லது. முழுக் கல்யாணத்தையும் பார்க்க விரும்புகிறவருக்கு வெட்டாத கோப்பு தனியே இருக்கிறது.

முடிந்த படத்தை எச்.264 வடிவம், விநாடிக்கு 50 சட்டம், தரத்தைக் குறிக்கும் சி.ஆர்.எஃப். 18 என ஏற்றுமதி செய்தால் டி.வி.யிலும் போனிலும் ஓடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். அசல் பதிவுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், அதில் ஒன்று வேறு வீட்டில்; இறுதிப் படமும் ஸ்கேன்களும் கிளவுடிலும் இருக்கட்டும். பென் டிரைவை நம்பி வைக்காதீர்கள். கேசட்டையும் எறிய வேண்டாம்: முழுவதும் ரீவைண்ட் செய்து, பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி, எந்த ஆண்டு யாருடைய விசேஷம் என்று எழுதி ஒட்டி, பரணை விட்டுக் கீழே இறக்கி வையுங்கள்.