இடித்த வீட்டின் ஜல்லிக்கு டெண்டரில் இடம் எங்கே?

சென்னை வியாசர்பாடியில் பழைய வீடு ஒன்றை இடித்தால், கம்பியும் கதவும் சன்னலும் உடனே விலைபோய்விடுகின்றன. செங்கல்லைக்கூட ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைக் கொத்தி எடுத்து வாங்கிப் போக ஆள் உண்டு. மிஞ்சும் கான்கிரீட் கட்டிகளைத்தான் யாரும் சீந்துவதில்லை. கொடுங்கையூரில் அவற்றை உடைத்து ஜல்லியாகவும் மணலாகவும் பிரிக்கும் ஆலை இருந்தும், அந்த ஜல்லி அரசுக் கட்டுமானங்களுக்குள் எளிதில் நுழையாததற்குத் தொழில்நுட்பம் காரணமல்ல என்றே கருதுகிறேன்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383, 2016-லேயே சாதாரணக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையிலும், எம்-25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையிலும் மறுசுழற்சி ஜல்லியை அனுமதித்துவிட்டது. அதே ஆண்டின் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள், அரசு ஒப்பந்தங்களில் 10 முதல் 20 சதவீதம் இத்தகைய பொருள்கள் இடம்பெற வேண்டும் என்றன.

சிக்கல் மதிப்பீட்டுத் தாளில் தொடங்குகிறது. கட்டுமானப் பொருள்களுக்கான அரசு விலைப்பட்டியலில் இல்லாத பொருளை எழுதும் பொறியாளர், நாளை தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். யார்தான் வம்பை விலைக்கு வாங்குவார்கள்? நிபந்தனையில் எழுதப்படாத எதையும், 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி குறைந்த விலையைத் தேடும் குழு கணக்கில் எடுக்க இயலாது. முறைகேட்டைத் தடுக்க அச்சட்டம் தேவைதான். ஆனால் குப்பைமேட்டில் மிச்சமாகும் இடமும் குவாரியில் வெட்டப்படாத பாறையும் அந்த விலைக்குள் வருவதில்லை. நடைபாதை, மழைநீர் வடிகாலின் அடித்தளம் போன்ற பாரம் குறைந்த பணிகளுக்காவது இந்த ஜல்லியை விலைப்பட்டியலில் தனி இனமாகச் சேர்த்துவிட்டால், பொறியாளர் துணிந்து எழுதுவார்.