ஓய்ஸ்டின்ஸ்: வெள்ளி இரவின் மீன் விருந்தும் அதற்கு முந்தைய பகலும்

பார்படோஸ் விமான நிலையத்தில் பணம் மாற்றியபோது கைக்கு வந்த சில்லறையில் ஏழு விளிம்புகள் கொண்ட ஒரு டாலர் நாணயம் இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் சிறகு விரித்த மீன் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. மனைவியிடம் நீட்டினேன். "கோலா மீனுங்க" என்றார். நாகப்பட்டினத்தில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் அதை அடையாளம் காண ஒரு நொடிகூட ஆகவில்லை. நம் கரையில் பறவைக்கோலா என்று சொல்லப்படும் அந்த மீன் இனத்தைத்தான் இந்தச் சிறிய கரீபியன் நாடு தன் நாணயத்தில் பொறித்து, தன் தேசிய உணவிலும் சேர்த்து வைத்திருக்கிறது. நாங்கள் மூன்று நாள் தங்கப் புறப்பட்டதும் அந்த மீனை நம்பி வாழ்ந்த ஓர் ஊருக்குத்தான்.

ஓய்ஸ்டின்ஸ் தீவின் தென்கரையில், கிறைஸ்ட் சர்ச் வட்டாரத்தில் இருக்கும் மீனவர் ஊர். வெள்ளிக்கிழமை இரவு கடற்கரையோரம் நடக்கும் மீன் விருந்துக்காக உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். பெரும்பாலோர் இருட்டிய பிறகு வந்து, உண்டு, ஆடி, நள்ளிரவுக்குள் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். இங்கு வர நினைப்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு முன்பே வந்துவிடுங்கள். இரவில் தட்டுக்கு வரும் மீன் பகலில் யார் கையால் எப்படிப் பக்குவமாகிறது என்பதைப் பார்க்காமல் இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

தலைநகர் பிரிட்ஜ்டவுனிலிருந்து நாங்கள் வேனில் வந்தோம். எண் பலகை 'இசட்ஆர்' என்று தொடங்குவதால் உள்ளூர்க்காரர்கள் இவ்வகை வேன்களை அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். வெள்ளை நிற வண்டி, பக்கவாட்டில் கருஞ்சிவப்புப் பட்டை, உள்ளே உரத்த பாட்டு; தொலைவு எதுவானாலும் கட்டணம் மூன்றரை பார்படோஸ் டாலர்தான். இரண்டு பார்படோஸ் டாலர் ஓர் அமெரிக்க டாலருக்குச் சமம் என்பதால் கணக்குப் போடுவதும் எளிது. முழங்கால்கள் இடிக்க இடிக்க உட்கார்ந்து வந்தாலும், கடலை ஒட்டியே செல்லும் அந்தப் பாதையை வாடகைக் காரில் வந்திருந்தால் இவ்வளவு ரசித்திருக்க மாட்டோம்.

மீன் சந்தை கடலையொட்டிய கூரைக் கட்டடம். நீளமான மேடைகளின் பின்னால் பெண்கள் வரிசையாக நின்று கோலா மீனை முள் நீக்கிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மாவின் மேடை முன் நாங்கள் நெடுநேரம் நின்றுவிட்டோம். மெல்லிய கத்தி, தேய்ந்து தேய்ந்து பாதி அகலமாகிவிட்ட கத்தி. செதிலைச் சுரண்டி, சிறகையும் தலையையும் நறுக்கி, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட்டு, நடு முள்ளின் ஓரமாகக் கத்தியை ஓட்டி, முள்ளை முழுதாகத் தூக்கிவிடுகிறார். பிறகு இரு பக்கச் சதையிலும் கத்தி நுனியை வைத்து, கண்ணுக்குத் தெரியாத சிறு முட்களை விரலால் தடவியே கண்டுபிடித்து, ஒரே இழுப்பில் உருவிவிடுகிறார். மேடையில் மிஞ்சுவது விரித்த வெற்றிலையைப் போன்ற முள்ளற்ற சதை. எங்கள் வீட்டில் கோலா வாங்கினால், முள் தொண்டையில் சிக்கும் என்று குழந்தைகளுக்குக் கொடுக்கவே அம்மா தயங்குவார். அந்த மீனை முள்ளில்லாமல் பார்த்தது எனக்கு அதுவே முதல் முறை.

எல்லோரையும் 'டார்லிங்' என்றே அழைத்த அந்த அம்மாவிடம், எங்கள் ஊரிலும் இந்த மீன் உண்டு, எப்படிப் பிடிப்போம் தெரியுமா என்று சொல்லத் தொடங்கினேன். இலைதழைக் கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டு, முட்டையிட வரும் கோலாவைச் சுற்றி வளைப்பது சோழமண்டலக் கரையின் வழக்கம். நான் முடிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார். இங்கும் கரும்புச் சோகையையும் தென்னை ஓலையையும் கட்டாக்கி மிதக்கவிட்டுத்தான் பிடிக்கிறார்களாம். இரண்டு பெருங்கடல்களின் மீனவர்கள், ஒருவரையொருவர் அறியாமலேயே, மிதக்கும் பொருளில் முட்டையைப் பதிக்கும் அந்த மீனின் இயல்பைக் கவனித்து ஒரே உத்தியைக் கண்டடைந்திருக்கிறார்கள். அன்று எனக்கு அதைவிட மகிழ்ச்சியான செய்தி வேறு இல்லை.

டிசம்பர் தொடங்கி ஜூன் வரை இங்கே கோலாவின் பருவம். நாங்கள் சென்ற பிப்ரவரியில் மீன் கிடைத்தது என்றாலும், முன்பு போல் வரத்து இல்லை என்பதைச் சந்தையில் பேசிய அனைவரும் சொன்னார்கள். மீன் தெற்கே டொபாகோ பக்கம் போவதும், அதைப் பின்தொடர்ந்து செல்லும் படகுகள் எல்லை தாண்டியதாகப் பிடிபடுவதும் பார்படோஸுக்கும் டிரினிடாட்-டொபாகோ நாட்டுக்கும் இடையே பெரிய வழக்காகவே ஆகி, 2006ஆம் ஆண்டு தீர்ப்பாயம் ஒன்று கடல் எல்லையை வகுத்துக் கொடுத்தது. இந்தக் கதையைக் கேட்ட எந்த நாகை மீனவருக்கும் விளக்கம் தேவைப்படாது. அதற்கு மேல், 2024 ஜூலை முதல் நாள் தீவின் தெற்கே கடந்து சென்ற பெரில் என்னும் புயலின் அலைகள் ஏராளமான மீன்பிடிப் படகுகளை உடைத்தெறிந்தன. ஆகவே, இரவு விருந்தில் கோலா தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னால் அவரிடம் கோபப்பட வேண்டாம்.

மதிய உணவுக்குச் சந்தைக்கு எதிரே ஒரு சிறிய கடையில் 'குக்கூ'வும் கோலாவும் சாப்பிட்டோம். இதுதான் தேசிய உணவு. வெண்டைக்காயை நறுக்கி வேகவைத்து, அந்த வழவழப்பான நீரில் மக்காச்சோள மாவைக் கொட்டிக் கிளறுகிறார்கள். சொல்லப்போனால் நம் களிதான். கிளறுவதற்குத் தட்டையான மரத் துடுப்பு வைத்திருக்கிறார்கள். அதுவும் நம் களித் துடுப்பின் உடன்பிறப்பு. களியின் மேல், வெங்காயம், தக்காளி, தைம் இலை, காரமான போனட் மிளகாய் சேர்ந்த குழம்பில் வேகவைத்த மீனைச் சுருட்டி வைத்து, குழம்பை ஊற்றித் தருகிறார்கள். வெண்டைக்காய் சேர்ந்ததால் களி தொண்டையில் தானாக இறங்குகிறது. கேழ்வரகுக் களியை விரும்பும் எவரும் இதை முதல் வாயிலேயே ஏற்றுக்கொள்வார்கள்.

மாலை ஆறரைக்கு மேல் ஊரின் நிறம் மாறத் தொடங்கியது. சந்தையை ஒட்டிய திடலில் வரிசையாக நிற்கும் சிறு கடைகளில் கரி அடுப்புகள் மூட்டப்பட்டன. மாகி-மாகி, மார்லின், சூரை, வாள்மீன் துண்டுகள் வெங்காயத்தாளும் பூண்டும் எலுமிச்சையும் சேர்ந்த பச்சை மசாலாவில் ஊறிக் கிடந்தன. பெயர்ப்பலகையில் 'டால்பின்' என்று கண்டு என் மனைவி திடுக்கிட்டார். இங்கே மாகி-மாகி மீனுக்குத்தான் அந்தப் பெயர் என்று பிறகு தெரிந்து ஆறுதல் அடைந்தார். மிக நீண்ட வரிசை நின்ற கடையில்தான் சுவை அதிகம் இருக்கும் என்று எண்ணி நாங்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். கடைசியில் கிடைத்த மார்லின் துண்டு காய்ந்து போயிருந்தது. இரண்டு கடை தள்ளி, வரிசையே இல்லாத இடத்தில் அடுப்பிலிருந்து நேராக எடுத்துத் தந்த மாகி-மாகிதான் அந்தப் பயணத்தின் சிறந்த உணவு. ஓரம் மட்டும் கருகி, உள்ளே ஈரம் குறையாமல், கூடவே மக்கரோனி பையும் வறுத்த கறிப்பலாவும். அடுப்பைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுங்கள், வரிசையைப் பார்த்து அல்ல.

சாப்பிட்டு முடித்தவர்கள் இரண்டு திசைகளில் பிரிகிறார்கள். ஒரு மேடையில் இளைஞர்களுக்கான பாட்டும் வேகமான ஆட்டமும். இன்னொரு பக்கம் பழைய பாடல்கள் ஒலிக்க, வயதான தம்பதியர் கைகோத்து, அடி பிசகாமல் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் பளபளக்கும் காலணியும் அணிந்த ஒரு பெரியவர், பாட்டு மாறும் ஒவ்வொரு முறையும் தன் துணைவியாருக்குத் தலைதாழ்த்தி வணங்கிவிட்டே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார். அவர்கள் ஆடியது பார்க்க வந்த எங்களுக்காக அல்ல. அருகே டாமினோ ஆடும் ஆண்கள், கட்டைகளை மேசையில் அறையும் ஓசை இசையையும் மீறிக் கேட்டது.

சனிக்கிழமை காலை, ஊரிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் மயாமி கடற்கரைக்குப் போனோம். சவுக்கு மர நிழல், ஒரு பக்கம் குளம்போல் அமைதியான நீர், மறுபக்கம் அலை. குழந்தைகளுடன் வருபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் தென்கரையில் நான் பார்க்கவில்லை. அங்கிருந்து கிழக்கே சவுத் பாயிண்ட் கலங்கரை விளக்கம். வார்ப்பிரும்பால் செய்யப்பட்டு, 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்ட பின், மறு ஆண்டு இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. மதியம் ஊர் முழுவதும் 'புட்டிங் அண்ட் சவுஸ்' மணம்: ஆவியில் வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும், எலுமிச்சையும் வெள்ளரியும் சேர்த்து ஊறவைத்த பன்றி இறைச்சியும். சனிக்கிழமைக்கென்றே உரிய உணவு இது. நான் பன்றி உண்பதில்லை. கிழங்கை மட்டும் கேட்டு வாங்கி உண்டேன்.

மேட்டின் மேலுள்ள தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், மூடிய கல்லறைக்குள் சவப்பெட்டிகள் தாமாக இடம் மாறின என்னும் பழங்கதைக்குரிய சேஸ் கல்லறை இருக்கிறது. இப்போது அது வெறும் அறைதான். அதைவிட இந்த ஊரின் உண்மையான வரலாறு எனக்குப் பெரிதாகப்பட்டது. தீவை ஆண்ட அரச ஆதரவாளர்கள், இங்கிலாந்தில் மன்னராட்சியை வீழ்த்திய கிராம்வெல் தரப்பிடம் பணிந்து 1652இல் கையெழுத்திட்ட உடன்படிக்கை இங்கேதான் உருவானது. தீவின் மன்றம் இசையாமல் வரி விதிக்கக் கூடாது என்ற வாசகமும் அதில் இடம்பெற்றது.

ஞாயிறு காலை மீண்டும் துறைக்குப் போனோம். மீன் கழிவுக்காகப் பச்சை ஆமைகள் படகுத்துறையின் தூண்களுக்கு இடையே சுற்றிவந்தன. சனிக்கிழமையே அந்த அம்மா என் மனைவியின் கையில் கத்தியைக் கொடுத்து, மேலே தன் கையை வைத்து, இரண்டு மீன்களை முள் நீக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் பத்து மீனை முடிக்கும் நேரத்தில் இவர் இரண்டு முடித்தார். அந்த இரண்டையும், கூடவே வாங்கிய ஆறையும், விடுதியின் சிறு அடுப்பில், ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவி மதியம் வறுத்தோம். மனைவி முள் நீக்கியவற்றில் ஒன்றில் மட்டும் ஓரிரு முள் மிஞ்சியிருந்தது. அதைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, மற்றதை எனக்குத் தந்தார்.