ஓஎல்ஈடி திரையில் லோகோ நிழல் விழுந்தால் எந்த வரிசையில் பார்ப்பது

ஓஎல்ஈடி டிவியின் மூலையில் சேனல் லோகோ நிழலாகத் தெரிய ஆரம்பித்தால் பலரும் முதலில் மெனுவில் பிக்சல் ரெஃப்ரெஷை (டிவி தன் பிக்சல்களை அளந்து சரிசெய்யும் வசதி) தேடி ஓட்டிவிடுகிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். நிழல் தற்காலிகமானதா, பர்ன்-இன் எனப்படும் நிரந்தரத் தேய்மானமா என்று பிரிப்பதுதான் முதல் வேலை.

பென் டிரைவில் ஒற்றை நிறப் படங்களைப் போட்டுக்கொள்ளுங்கள்: சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை, 50 சதவீதச் சாம்பல், 5 சதவீதச் சாம்பல். 3840×2160 அளவில், பிஎன்ஜி கோப்பாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் வேண்டாம். சுருக்கியதால் வந்த கட்டங்களைத் திரைக் கோளாறு என்று நினைத்துவிடுவோம்.

அறை விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக முழுத்திரையில் பாருங்கள். 5 சதவீதச் சாம்பலில் மட்டும் மெல்லிய செங்குத்துப் பட்டைகள் தெரிந்தால் அது பேனல் தயாரிப்பிலேயே வரும் சீரின்மை, பர்ன்-இன் அல்ல. சிவப்பில் மட்டும் செய்திப் பட்டையின் விளிம்பு நேர்கோடாகத் தெரிந்து, பச்சையிலும் நீலத்திலும் காணாமல் போனால், அந்த இடத்துச் சிவப்புத் துணைப்பிக்சல்கள் (ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் தனி நிறம் தரும் சிறு புள்ளிகள்) மற்றவற்றைவிட அதிகம் உழைத்திருக்கின்றன.

அடுத்து, ரிமோட்டில் அணைத்து, பிளக்கைப் பிடுங்காமல் ஓர் இரவு விடுங்கள். பிக்சலுக்கு மின்னோட்டம் தரும் மெல்லிய டிரான்சிஸ்டரின் குணம், ஒரே காட்சி நெடுநேரம் ஓடினால் சற்று நகர்ந்துவிடும். தற்காலிக நிழலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். மொத்தமாக 4 மணி நேரம் போல ஓடிய பிறகு, அணைத்திருக்கும்போது டிவி தானாக இதை அளந்து சரிசெய்யும்; பல மாடல்களில் சில நிமிடங்களில் முடியும். அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து உள்ளே 'டிக்' என்று கேட்பது பெரும்பாலும் இந்த வேலை முடிந்து ரிலே (உள்ளே இருக்கும் மின்சார ஸ்விட்ச்) விடுபடும் சத்தம். சுவர் ஸ்விட்சையும் சேர்த்து அணைக்கும் வீட்டில் இது நடக்கவே நடக்காது. பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

காலையிலும் நிழல் அதே இடத்தில் இருந்தால்தான் மெனுவில் இருக்கும் அந்த நீண்ட பிக்சல் ரெஃப்ரெஷ். சுமார் 1 மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போகக்கூடாது, திரையில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடினால் பயப்பட வேண்டாம். எல்ஜி டிவிகளில் 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை இது தானாகவே ஓடும். வாராவாரம் கையால் ஓட்டுவதில் லாபம் இல்லை. தேய்ந்த பிக்சலின் ஒளிரும் பொருளை எந்த ரெஃப்ரெஷும் திருப்பித் தராது; அதே வெளிச்சத்துக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுத்து ஈடுகட்டும், அவ்வளவுதான். மின்னோட்டம் கூடினால் தேய்மானமும் கூடும்.

தேய்மானம் என்பது வெளிச்சமும் நேரமும் சேர்ந்த கணக்கு. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தரும் விவிட் மோடை விட்டு வெளியே வாருங்கள். ஓஎல்ஈடி லைட் என்ற வெளிச்ச அளவைக் குறைத்து, லோகோ மங்கலாக்கும் வசதியையும், படத்தை அவ்வப்போது லேசாக நகர்த்தும் பிக்சல் ஷிஃப்டையும் போட்டு வையுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் எச்டிஆர் (வெளிச்ச வேறுபாடு கூடுதலாக உள்ள படம்): அதற்குத் தனி அமைப்பு உண்டு. சாதாரணப் படத்தில் குறைத்தது அங்கே ஒட்டாது; கேம் கன்சோலை எச்டிஆரில் ஓட்டினால் மூலையில் அசையாமல் நிற்கும் உயிர்க்கணக்குப் பட்டை முழு வெளிச்சத்திலேயே எரியும். கணினி மானிட்டராகப் பயன்படுத்தினால் டாஸ்க்பாரை மறைத்துவிடுங்கள்.

எல்சிடியில் இந்தப் பேச்சு அதிகம் இல்லை. அங்கே முதலில் போவது பேக்லைட், அதாவது பேனலுக்குப் பின்னால் எரியும் எல்ஈடி விளக்குப் பட்டைகள். சத்தம் வந்து படம் வராவிட்டால், இருட்டில் திரைமேல் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட்தான் எரியவில்லை. எல்ஈடிகள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று அறுந்தாலே முழுப் பட்டையும் அணைந்துவிடும். ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாப் பட்டைகளையும் சேர்த்து மாற்றி, பேக்லைட் அளவையும் குறைத்து வையுங்கள். மிச்ச எல்ஈடிகளும் அதே சூட்டில் அதே அளவு வயதானவை.