"ஓகே சார்": பத்து மார்க் போன கதை

போன வாரம் ரிசல்ட் வந்தது. ஓ.இ.டி. நர்சிங், அதாவது வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வு, இரண்டாவது முயற்சி. ஸ்பீக்கிங் 370, ரைட்டிங் 330, மற்ற இரண்டும் 350-ஐத் தாண்டிவிட்டன. லண்டன் கனவுக்கு இது போதும், ரைட்டிங்குக்கு மட்டும் 350 தேவையில்லை. முதல் முறை ஸ்பீக்கிங்கில் மட்டும் 340, வேண்டியது 350. பத்தே மார்க். அதற்காக மறுபடி பணம் கட்டி, மறுபடி உழவன் எக்ஸ்பிரஸில் தூங்காமல் சென்னை போனேன்.

லிசனிங், ரீடிங்குக்கு என்னிடம் தனி வழி எதுவும் இல்லை. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி: சார்.

ஸ்பீக்கிங்கில் ரோல் பிளே உண்டு: நாம் நர்ஸ், எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். முதல் முறை எதிரே இருந்தவர் வயதான நோயாளி, காலில் ஆறாத புண். மனப்பாடம் செய்திருந்தபடி, "ஹௌ வுட் யூ லைக் மீ டு அட்ரஸ் யூ?" என்று கேட்டேன். "பீட்டர் இஸ் ஃபைன்" என்றார். நான் சொன்னேன்: "ஓகே சார்."

அதோடு நிற்கவில்லை. புண்ணைப் பற்றிக் கேட்டது சார், சர்க்கரை அளவைக் கேட்டது சார். நடுவில் ஞாபகம் வந்து ஒரு "மிஸ்டர் பீட்டர்" வேறு. அதுவும் தப்பு. மிஸ்டருக்குப் பின்னால் குடும்பப் பெயர்தான் வரும், மிஸ்டர் ஸ்மித் என்கிற மாதிரி. எதிரே இருப்பவர் மார்க் போடுவதில்லை, பதிவைக் கேட்டு வேறு ஆட்கள்தான் போடுகிறார்கள். கேட்டவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? இந்தப் பெண் கேள்வி கேட்கிறாள், பதிலைக் காதில் வாங்கவில்லை. பத்து மார்க் போனது அங்கேதான் என்று எனக்கு நிச்சயம். கோச்சிங் சென்டரில் கிராமர் என்றார்கள். நான் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து போனில் பதிவு செய்து ஒரு ரோல் பிளே பேசிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் 23 சார்.

பழக்கம் அப்படி. கும்பகோணத்தில் நான் வேலை பார்க்கும் வார்டில் டாக்டரும் சார், பில் கட்ட வருகிறவரும் சார். நோயாளிகள் ஐயா, பெரியம்மா, அப்பாயி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ரேஷன் கடையில் அப்பா பெயரைக் கேட்டால் அம்மா இன்றைக்கும் என் முகத்தைத்தான் பார்ப்பாள். இந்த வீட்டில் வளர்ந்தவள் எழுபது வயதுக்காரரைப் பீட்டர் என்று கூப்பிட வேண்டும் என்றால் நாக்கு புரள வேண்டாமா? ஆனால் பிரிட்டனில் நோயாளியிடம் வரிக்கு வரி சார் போட்டால் அது மரியாதையாகத் தெரியாது, கடைக்காரர் பேச்சு மாதிரி இருக்கும்.

பாபநாசம் பக்கம் எங்கள் ஊரில் சித்தப்பாவைப் பிடித்தேன். மாலையில் வயலிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் அவர்தான் பீட்டர். பத்து நாள். முதல் நாள் "பீட்டர், உங்கள் கால் எப்படி இருக்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்டதற்கு, உள்ளேயிருந்து அப்பாயி, "யாரடி அது, சித்தப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவ?" என்று சத்தம் போட்டது. நான் சார் என்றால் சித்தப்பா பதிலே சொல்ல மாட்டார், வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பார். நான்காம் நாள்தான் ஒரு ரோல் பிளே முழுக்க சார் இல்லாமல் போனது. குரூப் பிராக்டிஸ் சிலருக்கு உதவலாம், எனக்குக் கூச்சம். வீட்டில் ஒரு பீட்டர் போதும்.

ரைட்டிங்கில் நோயாளியைப் பற்றித் தரும் குறிப்பைப் பார்த்துக் கடிதம் எழுத வேண்டும். அதற்கு, சுருக்கமாக:

– பெயர் கொடுத்திருந்தால் டியர், பட்டம், குடும்பப் பெயர். முடிவில் யுவர்ஸ் சின்சியர்லி.
– பெயரே இல்லை, டியர் சார் ஆர் மேடம் என்றால் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி.
– "ரெஸ்பெக்டட் சார்" நம் லீவ் லெட்டரோடு போகட்டும்.
– பெண்ணுக்கு மிஸஸா மிஸ்ஸா என்று குறிப்பில் இல்லையென்றால் மிஸ். கல்யாணமாகாதவருக்குப் போடும் மிஸ் இல்லை, கடைசியில் ஆங்கில இசட் ஒலி வரும் இரண்டே எழுத்து மிஸ். எம், எஸ்.
– கடிதத்துக்குள் பெரியவர்களுக்குப் பட்டமும் குடும்பப் பெயரும். குழந்தை என்றால் முதல் பெயர் போதும்.

சர்ஜன் விஷயத்தில் ஒரு பிராக்டிஸ் கடிதத்தில் ஏமாந்தேன். குறிப்பில் மிஸ்டர் என்று இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து டாக்டர் என்று "திருத்தினேன்". பிரிட்டனில் சர்ஜனுக்கு மிஸ்டர்தான் மரியாதை. அந்தக் காலத்தில் பிஸிஷியன்கள் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர்கள். சர்ஜன்கள் தொழில் பழகி வந்தவர்கள். 1540 முதல் 1745 வரை லண்டனில் அவர்களும் முடிதிருத்துபவர்களும் ஒரே சங்கம். (நம் பக்கமும் முடிதிருத்துபவரை மருத்துவர் என்று சொல்லும் வழக்கம் இருந்ததே.) பிறகு படித்துப் பட்டம் வாங்கியும் அந்த மிஸ்டரை விடவில்லை. அதனால் குறிப்பில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று, அங்கே சிஸ்டர் என்பது வார்டு பொறுப்பில் இருப்பவரின் பதவி. நம்மூர் மாதிரி எல்லா நர்ஸுக்கும் கிடையாது. ரோல் பிளேயில் "ஐ ஆம் சிஸ்டர்..." என்று ஆரம்பிக்க வேண்டாம்.

ரிசல்ட் வந்ததும் சித்தப்பாவுக்குத்தான் முதலில் போன் போட்டேன். எடுத்து, "பீட்டர் பேசுறேன்" என்றார்.